மீன் போனாலும் பரவாயில்லை என்று ஒருமுறை சொல்லுங்கள்
மீன் பண்ணை உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களே, மேலாளர்களே,

வணக்கம்.

நான் 22 ஆண்டுகள் மீன் பண்ணைகளில் வேலை பார்த்தவன். தீவனம் போடும் ஆளாகச் சேர்ந்தேன். அப்புறம் பல ஆண்டுகள் இரவுக் காவல். கடைசி 9 ஆண்டுகள் மேற்பார்வையாளர். குஞ்சு பொரிப்பகம், மண் குளம், பிளாஸ்டிக் ஷீட் போட்ட குளம், மிதவைக் கூண்டு என்று எல்லா இடத்திலும் நின்றிருக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்பதற்காகத்தான் இந்தக் கடிதம். அதைக் கேட்பதற்கு முன் ஒரு இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு 26 வயது. விடிவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும். ஒரு குளத்தில் ஏரேட்டர், அதாவது தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம், நின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், கிழிந்த வலைத் துண்டு ஒன்று துடுப்புச் சக்கரத்தில் சுற்றிக் கிடந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்திருந்தன. பண்ணையில் அந்த நேரத்தில் விழித்திருந்தவன் நான் ஒருவன்தான். அதற்கு முந்தைய மாதம் பக்கத்துக் குளத்தில் இதேபோல் ஆக்சிஜன் குறைந்து, ஒரே இரவில் மொத்த மீனும் செத்து மிதந்தது. காவலுக்கு இருந்தவரை அன்று காலையே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு அவர் போனது என் கண்ணிலேயே இருந்தது.

மெயினை அணைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஏரேட்டருக்கும் தனி சுவிட்ச் அங்கே கிடையாது. மெயினை அணைத்தால் மற்ற நான்கும் நின்றுவிடும். அதனால் அணைக்காமலேயே இறங்கினேன். நெஞ்சளவுத் தண்ணீர். இரும்புச் சட்டத்தில் கை வைத்ததும் விரல்கள் இறுகிக்கொண்டன. விட முடியவில்லை. கத்த நினைத்தேன், குரல் வரவில்லை. தூக்கம் கலைந்து வெளியே வந்த ஒரு மூத்த தொழிலாளி, என் தலையில் கட்டியிருந்த டார்ச்சின் வெளிச்சம் ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறார். அவர் குளத்துக்கு ஓடி வரவில்லை. சுவிட்ச் போர்டுக்கு ஓடினார். அதனால்தான் இன்று நானும் இருக்கிறேன், அவரும் இருக்கிறார். மெயினை இறக்கிவிட்டு வந்து, இழுவலைக் கயிற்றை வீசி என்னைக் கரைக்கு இழுத்தார்.

கரையில் படுத்துக்கொண்டு நான் முதலில் கேட்டது, "மீனுக்கு என்ன ஆச்சு?" என்றுதான். காலையில் வந்த முதலாளியும் அதையேதான் முதலில் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. பிறகு மருத்துவச் செலவெல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வேலை அப்படித்தான் பழகியிருந்தது.

நான் கேட்க வந்தது இதுதான். உங்கள் பண்ணையில் வேலை செய்யும் ஒவ்வொருவரிடமும், அவர் முகத்தைப் பார்த்து, "மீன் போனாலும் பரவாயில்லை, ஆபத்து என்று தோன்றினால் நீ தண்ணீரில் இறங்காதே" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சுவரில் எழுதி ஒட்டுவது வேறு. கையெழுத்து வாங்கும் தாள் வேறு. முதலாளி வாயால் சொல்லிக் கேட்டால்தான் அந்த ஆள் நம்புவார். நான் பார்த்த விபத்துகளிலும் நூலிழையில் தப்பிய சம்பவங்களிலும் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் அறியாமையைவிடப் பயம்தான் இருந்தது. மீன் செத்தால் தன் தலையில் விழும் என்ற பயம்.

இது சின்னத் தொழில் இல்லை என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி 2022-இல் உலகில் வளர்த்து எடுத்த மீன், இறால் போன்ற நீர்வாழ் உயிரினங்கள் 9 கோடியே 44 லட்சம் டன். கடலிலும் ஆற்றிலும் பிடித்ததை வளர்த்தெடுத்தது தாண்டியது அந்த ஆண்டுதான், அதுவும் முதல்முறையாக. இந்த வேலையில் இருப்பவர்கள் 2 கோடிக்கு மேல். மீன்பிடிப் படகுகளில் வேலை செய்பவர்களுக்கென்று 2007-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தனி உடன்படிக்கையே கொண்டுவந்தது. குளக்கரையில் நிற்பவனுக்கு அப்படித் தனியாக ஒன்று இல்லை. பல இடங்களில் அவனைத் தொழிற்சாலை ஆளாகவும் பார்ப்பதில்லை, மீனவனாகவும் பார்ப்பதில்லை. அதனால் அவனுடைய பாதுகாப்பு பெரும்பாலும் உங்கள் மனதைப் பொறுத்ததாக இருக்கிறது.

முதலில் இரவைப் பற்றிப் பேசுவோம். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து தண்ணீரில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. இரவில் அதே பாசியும், மீனும், அடிச்சேற்றில் இருக்கும் பாக்டீரியாவும் சேர்ந்து அதை எடுத்துக்கொள்கின்றன. அதனால் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மேகமூட்டமான நாளுக்கு அடுத்த விடியல் இன்னும் மோசம். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வெப்பநீர் மீன்கள் திணற ஆரம்பிக்கும். இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதை மனிதன் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். குளம் மிக ஆபத்தான நிலையில் இருக்கும் அந்த நேரத்தில்தான் காவலாளிக்குத் தூக்கம் மிக அதிகமாகக் கண்ணைக் கட்டும். இருட்டு, ஈரக் கரை, தனிமை, அவசரம் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றாக வந்து சேர்கின்றன. மீனுக்கு ஆபத்து என்றால் மனிதனுக்கும் அதே மணி நேரம்தான் ஆபத்து.

இரவில் ஒருவரை மட்டும் தனியாக விடாதீர்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். இரண்டு பேரைப் போட முடியாத சின்னப் பண்ணை என்றால், அந்த ஒருவர் கரைக்கு மேல் நின்று செய்யக்கூடிய வேலைகளை மட்டும் செய்யட்டும். அளந்து பார்க்கலாம், உபரி ஏரேட்டரைப் போடலாம், புதுத் தண்ணீரைத் திறந்துவிடலாம், தீவனத்தை நிறுத்தி வைக்கலாம், உங்களுக்கு போன் செய்யலாம். தண்ணீரில் இறங்கும் வேலை எதுவானாலும் இரண்டாவது ஆள் வந்த பிறகுதான். நீங்கள் போனை எடுக்க வேண்டும், அதிகாலை மூன்றரை மணிக்கும் எடுக்க வேண்டும். "இதுக்கெல்லாமா எழுப்புவே?" என்று ஒருமுறை சலித்துக்கொண்டீர்கள் என்றால், அடுத்த முறை அவர் உங்களை எழுப்ப மாட்டார், இறங்கிவிடுவார்.

மீன் போனாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள் என்றேன். மீன் போகட்டும் என்று சும்மா இருங்கள் என்று சொல்லவில்லை. மீனும் போகாமல் இருக்க வழி செய்து வைப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஏரேட்டருக்கும் கரையிலேயே தனி சுவிட்ச் இருந்திருந்தால் அன்று நான் ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு இறங்கியிருப்பேன். உபரியாக ஒரு ஏரேட்டர் கரையில் தயாராக இருந்திருந்தால் இறங்க வேண்டிய தேவையே வந்திருக்காது. ஓடாத ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு "நம்மிடம் ஜெனரேட்டர் இருக்கிறது" என்று சொல்லும் பண்ணைகளைப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறை அதை ஓட்டிப் பார்க்க எத்தனை நிமிடம் ஆகும்?

மின்சாரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடலில் சுமார் 10 மில்லிஆம்பியர் பாய்ந்தாலே தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். எனக்கு நடந்தது அதுதான். தண்ணீருக்குள் இருப்பவனுக்கு மின்சாரமே உயிரை எடுக்க வேண்டும் என்பதில்லை. கைகால் அசையாமல் போனால் தண்ணீரே மூழ்கடித்துவிடும். சாதாரண ஃபியூஸ் இதற்கு உதவாது. அது வயரையும் மோட்டாரையும் காப்பாற்றச் செய்யப்பட்டது. பல ஆம்பியர் பாய்ந்தால்தான் அது அறுந்து விழும். மனிதனைக் காப்பாற்ற 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பான் வேண்டும். அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். அது விழவில்லை, அதாவது இணைப்பைத் துண்டிக்கவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். சில பண்ணைகளில் அது அடிக்கடி விழுகிறது என்று இணைப்பை நேராகக் கொடுத்து அதை ஓரங்கட்டியிருப்பார்கள். அது சும்மா விழுவதில்லை. எங்கோ கேபிளில் தோல் உரிந்திருக்கிறது என்று அது உங்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கேபிளில் ஒட்டுப்போட்டு டேப் சுற்றித் தண்ணீரில் விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். பழுது பார்க்க ஒருவர் இறங்கினால், சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவி அவர் இடுப்பிலேயே இருக்க வேண்டும். ஆள் உள்ளே இருப்பது தெரியாமல் வேறொருவர் வந்து "ஏன் இது ஓடவில்லை?" என்று போட்டுவிடுவது நிஜமாகவே நடக்கிறது.

ஷீட் போட்ட குளங்களைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது ஆபத்து என்று பலர் நினைப்பதே இல்லை. பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆழமும் பெரிதாக இருக்காது. ஆனால் அந்தச் சரிவில் பாசி படிந்துவிட்டால் நன்றாக நீந்தத் தெரிந்தவனால்கூட ஏறி வெளியே வர முடியாது. கை வைக்கப் பிடிமானம் இல்லை. ஏறுவான், வழுக்குவான், ஏறுவான், வழுக்குவான். பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடுவான். மார்பளவு ரப்பர் உடை போட்டிருந்து அதற்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் இன்னும் சீக்கிரம். முடிச்சுப் போட்ட தடிமனான கயிறோ, பழைய வலைப் பட்டையோ, கயிற்று ஏணியோ கரையில் முளை அடித்துக் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். எந்த இடத்தில் விழுந்தாலும் நாலு கை வீசினால் எட்டும்படி நாலா பக்கமும் இருக்கட்டும். ஒரு அரைநாள் வேலைதான். இந்தக் கடிதத்தில் உள்ளதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், தயவுசெய்து முதலில் இதைச் செய்யுங்கள். பண்ணைக்குள் குடும்பத்தோடு தங்கும் தொழிலாளர்களின் குழந்தைகளும் இந்தக் குளங்களுக்குப் பக்கத்தில்தான் விளையாடுகிறார்கள். குடியிருப்பைச் சுற்றி வேலி போட்டு, குழந்தைக்குத் திறக்க வராத கதவும் வைத்துக் கொடுங்கள்.

ஒருவர் மூழ்கினால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள். மூழ்குபவர் பெரும்பாலும் கத்த மாட்டார். மூச்சுக்கே திணறும்போது குரல் எங்கிருந்து வரும்? சத்தமில்லாமல் உள்ளே போய்விடுவார். காப்பாற்ற நினைப்பவர் குதிக்கக் கூடாது. நீளமான மூங்கிலை நீட்டலாம், கயிறு கட்டிய மிதவையை வீசலாம். கரைக்குக் கொண்டுவந்த பிறகு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்குவது எல்லாம் விலைமதிப்பில்லாத நிமிடங்களை வீணாக்கும். மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும், நெஞ்சையும் அழுத்த வேண்டும். தண்ணீரில் மூழ்கியவருக்கு ஆக்சிஜன்தான் இல்லாமல் போயிருக்கிறது. அதனால் நெஞ்சை அழுத்துவது மட்டும் போதாது. இதை ஒரு நாள் பயிற்சியில் யாரும் கற்றுக்கொள்ளலாம். மிதவைக் கூண்டில் வேலை செய்பவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் போதாது, அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிகிறதா என்றும் பாருங்கள். கழுத்தை அறுக்கும், கையைத் தூக்க விடாது என்றால் அது படகின் மூலையில்தான் கிடக்கும்.

கழிவுத் தொட்டி. எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான்.

செத்த மீனைப் போட்டு மூடி வைத்த தொட்டி, குளத்தின் அடிக்கழிவு வந்து சேரும் குழி, பல நாள் திறக்காத சேற்றுத் தொட்டி இவற்றில் காற்றில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம். அது காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே தங்கும். இதில் ஒரு கொடுமை இருக்கிறது. கொஞ்சம் இருந்தால் நாற்றம் மூக்கைத் துளைக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குப் போனால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைப்பான். 500-ஐத் தாண்டினால் நினைவு தப்பும், 1000 அளவில் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடுவான். அவன் விழுந்ததைப் பார்த்து இன்னொருவன் இறங்குவான், அவனுக்கும் அதே கதி. இப்படி ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் இறப்பது உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கிறது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒருவர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்ததற்கே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அவரைத் தோளோடு பிடித்து இழுத்தவன் நான். அந்த நாற்றம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

வாயு அளக்கும் கருவி, காற்று ஊதும் ஏற்பாடு, இடுப்புக் கயிறோடு மேலே நின்று பார்க்க ஆள், இதற்கென்று பயிற்சி, இவை எல்லாம் இல்லாமல் யாரையும் அந்தத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். பம்ப் வைத்து வெளியிலிருந்தே உறிஞ்சி எடுங்கள். செத்த மீனைத் தினமும் எடுத்து, அன்றன்றே சுண்ணாம்பு போட்டுப் புதைத்தால் அல்லது முறையாக உரமாக்கினால் இந்தத் தொட்டியே தேவைப்படாது. நோய் பரவுவதும் குறையும். தண்ணீரிலேயே விட்டால் மற்ற மீன்கள் அதைக் கொத்தித் தின்று நோயை வாங்கிக்கொள்ளும்.

மருந்து அறைக்கு வருகிறேன். ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைந்த தண்ணீர்), பிளீச்சிங் பவுடர், பெர்மாங்கனேட், சுட்ட சுண்ணாம்பு, மயில்துத்தம், அமிலம் எல்லாம் ஒரே அலமாரியில், பாதி லேபிள் கிழிந்த டப்பாக்களில். இது எத்தனை பண்ணைகளில் உண்மை என்பதை நீங்களே போய்ப் பாருங்கள். பிளீச்சிங் பவுடரில் அமிலம் பட்டால் குளோரின் வாயு வரும். ஃபார்மலினும் பெர்மாங்கனேட்டும் கலந்தால் கொதித்துச் சூடாகி ஃபார்மால்டிஹைடு வாயுவைக் கக்கும். ஃபார்மால்டிஹைடை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வகைப்படுத்தியது. ஆனாலும் அதை மூடிய பொரிப்பக அறைக்குள் நின்றுகொண்டு, வெறும் கையால், கண்ணில் நீர் வழிய வழிய ஊற்றும் பையன்கள் இருக்கிறார்கள். நானும் ஊற்றியிருக்கிறேன். காற்றோட்டமான இடம், சரியான கையுறை, கண்ணாடி, அந்த வாயுவுக்கென்று செய்த முகமூடி, இவை வேண்டும். மூக்கில் துண்டு கட்டினால் வாயு நிற்காது.

சுண்ணாம்பு பாவம் போலத் தெரியும். குளம் தயார் செய்யும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் வீசினால் கண்ணில் விழும். கண்ணின் ஈரம் பட்டு அது சூடேறி, கண்ணே வெந்துபோகும். கரையிலேயே ஒரு டிரம் நல்ல தண்ணீர் வையுங்கள். பட்டால் தேய்க்காமல், இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, அப்புறம் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இனி கைகள். மீன் வேலை செய்பவன் கையில் கீறல் இல்லாத நாள் கிடையாது. திலேப்பியாவின் முதுகு முள், கெளுத்தியின் பக்க முள், வலைக்கயிறு. கெளுத்தி குத்தினால் விஷமும் இறங்கும். பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் கையை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் வலி அடங்கும். சூடு சரியா என்று குத்துப்படாத கையை விட்டு முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது.

வலியைவிட மோசமானது அந்தக் காயம் வழியாக உள்ளே போவது. 1995-96 குளிர்காலத்தில் கனடாவின் டொரன்டோவில், பண்ணையில் வளர்ந்த திலேப்பியாவைச் சுத்தம் செய்யும்போது கையில் காயம் பட்ட சிலருக்கு, மீனுக்கு வரும் ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றிக் கை வீங்கிக் காய்ச்சல் வந்தது. வெதுவெதுப்பான உவர்நீரில் இருக்கும் விப்ரியோ வல்னிபிகஸ் என்ற கிருமி ஒரு சின்னக் கீறல் வழியாகப் போய் ஓரிரு நாளில் உயிரையே எடுக்கலாம். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இது மிகவும் ஆபத்து. இன்னொன்று இருக்கிறது, காசநோய்க் கிருமியின் உறவுக்கிருமி. மீன் தொட்டிக்குள் கையை விடுபவர்களுக்கு வரும். காயம் ஆறிய சில வாரங்கள் கழித்து விரலில் கட்டி கட்டியாக எழும்பும். சாதாரண மருந்துக்குக் கேட்காது, சரியான மருந்தையும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். "எனக்கு மீன் பண்ணையில் வேலை" என்று நோயாளி சொல்லாவிட்டால் மருத்துவருக்கு இதெல்லாம் தோன்றவே தோன்றாது. இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். காயத்தை உடனே நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவ வசதி செய்யுங்கள். காயம் ஆறாதவரைத் தண்ணீர் வேலைக்கு அனுப்பாதீர்கள். அதற்காக அன்றைய சம்பளத்தைப் பிடித்தால் அடுத்தவன் காயத்தை மறைப்பான். தடுப்பூசி போடும் ஆட்களுக்கும் இதேதான். மீனுக்குப் போடும் எண்ணெய் கலந்த தடுப்பு மருந்து தவறித் தன் விரலில் ஏறிவிட்டால், வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மருந்தின் பெட்டியையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரலாம்.

பயம் மனிதனை மட்டும் கெடுப்பதில்லை, மீனையும் தண்ணீரையும் சேர்த்தே கெடுக்கிறது. மீனுக்கு நோய் வந்ததும் மேலே சொல்லாமல், யாரோ கொடுத்த ஆன்டிபயாடிக் பொடியை வெறும் கையால் தீவனத்தில் பிசைந்து போடுவதைப் பார்த்திருக்கிறேன். பல நாடுகளில் உணவு விலங்குகளுக்குத் தடை செய்யப்பட்ட குளோரம்பெனிகால்கூட அப்படி வந்திருக்கிறது. அரிதாக என்றாலும், மனிதனின் எலும்பு மஜ்ஜையையே செயலிழக்கச் செய்யக்கூடிய மருந்து அது. பிசைபவன் அந்தத் தூசியைச் சுவாசிக்கிறான், சாப்பிடுபவருக்கு மீன் வழியாகப் போகிறது, கழிவுநீரோடு வெளியே போய் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கிறது. மீனின் பூஞ்சை நோய்க்குப் போடும் மலாக்கைட் பச்சை என்ற சாயமும் அப்படித்தான். மீனின் சதையில் நிறமில்லாத வேறொரு வடிவில் நீண்ட நாள் தங்கும். அனுமதித்த மருந்தானாலும், கொடுத்து முடித்தபின் இத்தனை நாள் அறுவடை செய்யக் கூடாது என்ற கெடு இருக்கிறது. விலை நன்றாக இருக்கிறது என்று அதற்கு முன்னாலேயே வலை போடச் சொல்லும்போது, உங்கள் ஆள் எதிர்த்துப் பேச மாட்டான். எதிர்த்துப் பேசினாலும் வேலை போகாது என்று தெரிந்தால்தான் பேசுவான். வெளிமடையின் வலை கிழிந்து மீன் ஆற்றுக்குள் போய்விட்டதைச் சொல்வதும், செத்த மீனின் எண்ணிக்கையைக் குறைக்காமல் எழுதுவதும் அதே தைரியத்தைப் பொறுத்ததுதான்.

அறுவடை அன்று மட்டும் வரும் கூலி ஆட்களை மறந்துவிடாதீர்கள். நள்ளிரவில் லாரியில் வந்து இறங்குவார்கள், எந்த இடத்தில் ஆழம், எங்கே கேபிள் போகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பல நேரம் மொழியும் வேறாக இருக்கும். வலை இழுக்கும் முன் பத்து நிமிடம் குளத்தைச் சுற்றி நடத்திக் காட்டுங்கள்.

ஆபத்தான வேலையை மறுப்பது சலுகை அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆவது உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவு, உயிருக்கோ உடலுக்கோ உடனடியான கடும் ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2022 ஜூனில் அந்த அமைப்பு, பாதுகாப்பான வேலைச் சூழலைத் தொழிலாளர்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது. அந்தத் தாளெல்லாம் அதிகாலை மூன்றரை மணிக்குக் குளக்கரையில் நிற்பவன் கையில் இருக்காது. உங்கள் வார்த்தைதான் அவனிடம் இருக்கும்.

மேற்பார்வையாளராக இருந்த காலத்தில் நானும் தவறியிருக்கிறேன். பெருமழை பெய்த ஒரு இரவில் "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஒரு பையனை விரட்டியிருக்கிறேன். அவன் மடையில் கால் தவறி விழுந்து முழங்கையை முறித்துக்கொண்டான். அவனுக்கு 19 வயது. என்னை அவன் குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு இரவும் டார்ச்சைக் கையில் கொடுக்கும்போது "மீன் போனாலும் பரவாயில்லை" என்ற அந்த வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கினேன். முதல் சில வாரம் யாரும் நம்பவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். பிறகு ஒரு நாள், ஏரேட்டர் சிக்கிக்கொண்டு, காவலாளி இறங்காமல் என்னை எழுப்பினார். நாங்கள் இரண்டு பேராகப் போய்ச் சரிசெய்வதற்குள் கொஞ்சம் மீன் செத்துவிட்டது. அன்று காலை நான் அவரிடம் என்ன பேசுகிறேன் என்று பண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது.

உங்களுக்கும் அப்படி ஒரு காலை வரும். செத்த மீன் மிதக்கும், நஷ்டம் கண்முன்னே தெரியும், மனம் கொதிக்கும். இரவெல்லாம் விழித்திருந்தவன் தலையைக் குனிந்துகொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்பான். முதலில், "உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேளுங்கள். மீனைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
குளக்கரைகளில் 22 ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவன்